எட்டாவது பொட்டு

ஜூலை 6, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். ஆசைப்பட்டு எழுதவில்லை, அரசாங்கம் கெஞ்சிக் கேட்டு எழுதுகிறேன். எங்கள் மேலச்சிலம்பூர் பேரூராட்சி உறுப்பினர்கள் பதினைந்து பேரும் வெள்ளி முதல் ஞாயிறு வரை ஏற்காட்டில் தங்கி, ஊருக்கு எது முதலில் வேண்டும் என்று ஆற அமர யோசிக்க வேண்டுமாம். ‘திட்டமிடல் முகாம்’ என்று பெயர். மனதில் பட்டதை அன்றன்றைக்கு எழுதி வர வேண்டும் என்று சுற்றறிக்கையின் கடைசி வரி சொல்கிறது. மற்ற பதினான்கு பேரும் முதல் வரியையே படித்திருக்க மாட்டார்கள். ஆகவே வரலாறு முழுவதும் என் ஒருவன் தோளில் விழுந்துவிட்டது. நல்லவேளை, தோள் அகலம்.

வருங்காலம் தெரிந்துகொள்ளட்டும்: நான் சென்னியப்பன், ஐம்பத்து நான்கு வயது, மூன்றாவது வார்டு உறுப்பினர், சென்னியப்பன் பந்தல் மற்றும் சவுண்டு சர்வீஸ் உரிமையாளர். இந்தத் தாலுகாவில் கல்யாணமான அத்தனை பேரும் என் பந்தலுக்குக் கீழே ஆனவர்கள். எனக்கு மட்டும் ஆகவில்லை. முகூர்த்த நாளில் பந்தல்காரனுக்கு ஓய்வு ஏது?

பேரூராட்சித் தலைவர் மைதிலி என் அக்காள் மகள். அவள் மாமா என்பதால் மன்றமே என்னை மாமா என்கிறது. என்னைவிட மூத்த செயல் அலுவலர்கூட அப்படித்தான். அப்படிச் சொல்லாதவர் ஒரே ஒருவர், ஒன்பதாவது வார்டு வசந்தாமணி. மாவு மில் நடத்துகிறவர். கணவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது, மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்துவிட்டார். அவர் என்னை மாமா என்பதில்லை. அண்ணா என்றும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. “ஏனுங்க மூணாவது வார்டு” என்பார். இதை நான் கவனித்தது முழுக்க முழுக்க நிர்வாக நோக்கில்.

ஜூலை 7, செவ்வாய்

மில்லுக்குப் போய் ராகி அரைத்து வந்தேன்.

ஜூலை 9, வியாழன்

மறுபடி ராகி. வீட்டில் மாவு டின்கள் இமயமலை போல நிற்கின்றன. கடை ஆட்கள் களி என்ற சொல் காதில் விழுந்தாலே பந்தல் கம்பத்தில் ஏறிக்கொள்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு ஊருக்கு ஒரே ஒரு வேலைக்குத்தான் அனுமதி. முகாமில் எது முதலிடம் பிடிக்கிறதோ அது நடக்கும், மற்றதெல்லாம் அடுத்த ஆண்டு. என் கோரிக்கை ஒரு பாலம். ஒன்பதாவது வார்டில், மாவு மில் வாசலில், புதிதாகத் தோண்டிய சாக்கடைக்கு மேல். “மாமா, உங்க வார்டு மூணு. பாலம் எதுக்கு ஒம்பதுல?” என்று மைதிலி கேட்டாள். மூன்றை மூன்றால் பெருக்கினால் என்ன வரும் என்று திருப்பிக் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

போன மாதம் அந்தச் சாக்கடைக்கு மேல் போட்டிருந்த பலகை புரண்டு, நான் ராகி டின்னோடு இடுப்பளவு உள்ளே இறங்கினேன். ஊரார் விழுந்துவிட்டேன் என்கிறார்கள். அது கள ஆய்வு. அதன்பிறகு பலகையையும் எவனோ எடுத்துப் போய்விட்டான். இப்போது மில்லுக்குக் கோயில் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. பின்வாசலில் மில் ஆட்கள் ராகியை வாங்கி மாவைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். முன்வாசலில்தான் அவர் உட்கார்ந்திருப்பார். பாலம் இல்லாமல் ஒரு நகரம் எப்படி நாகரிகம் அடையும்?

ஜூலை 10, வெள்ளி, ஏற்காடு

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் என் சவுண்டு செட்டை மடியில் வைத்துக்கொண்டே கடந்தேன். ஒவ்வொரு வளைவிலும் உலகம் ஒருமுறை தலைகீழானது. ஐந்தாவது வார்டுப் பெரியவர் ராமசாமிக் கவுண்டர் எட்டாவது வளைவிலேயே, தனக்கு ஏதாவது ஆனால் தன் ஓட்டை யாரும் போட்டுவிடக் கூடாது என்று அறிவித்தார்.

முகாமை நடத்துகிறவன் நிவேதன் என்ற கோயம்புத்தூர்ப் பையன். தாடி வைத்திருக்கிறான், யார் எதைச் சொன்னாலும் “சூப்பர்” என்கிறான். என் மைக்கைப் பார்த்ததும், “பதினைந்து பேருக்கு மைக் தேவையில்லைங்க மாமா” என்றான். அவனுக்கும் மாமா. நான் மைக் இல்லாமல் பேசி இருபது வருடம் ஆகிறது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

முதல் பயிற்சி: எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் பதினைந்து வருடம் கழித்து ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். நான் பார்த்தேன். வானவில் போல ஒரு பாலம். இரண்டு பக்கமும் சீரியல் லைட். கீழே ஓடும் சாக்கடை பன்னீராக மாறி, அதில் அன்னங்கள் நீந்துகின்றன. பாலம் முடிகிற இடத்தில் ஒரு மாவு மில். சொல்லி முடிக்கும்போது பாதிப் பேர் நிஜமாகவே தூங்கியிருந்தார்கள்.

வசந்தாமணி கண்ணையே மூடவில்லை.

“பஸ் ஸ்டாண்டுல பொம்பளைகளுக்கு ஒரு கக்கூஸ். கதவு, தாப்பா, தண்ணி. இதுக்கு எதுக்குங்க தம்பி கண்ண மூடணும்?”

“சூப்பர்” என்றான் நிவேதன்.

“சூப்பர் இல்லீங்க. சந்தைக்கு வர்ற பொம்பளைக காலைல இருந்து தண்ணி குடிக்காமக் கெடக்கறாங்க.”

அவன் அதற்கப்புறம் சாப்பாட்டு வேளை வரைக்கும் சூப்பர் சொல்லவில்லை.

மாலைக்குள் பதினைந்து வார்டுக்குப் பதினைந்து கோரிக்கை வந்து நின்றது. எட்டாவது வார்டில் நீச்சல் குளம். அங்கே குடிக்கவே வாரம் ஒருமுறைதான் தண்ணீர். தனியாக நின்றால் எவனுக்கும் ஒன்றும் கிடைக்காது என்று புரிந்ததும் ஒவ்வொருவராகக் கீழே வைத்தார்கள். கடைசியில் சுவரில் மிஞ்சியது இரண்டு அட்டை. கழிப்பிடம், பாலம். ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது. பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 11, சனி, காலை

ஒற்றுமைப் பயிற்சி என்று சொல்லி, சீட்டுப் போட்டு இரண்டிரண்டு பேராக ஏரியில் மிதி படகில் ஏற்றினார்கள். விதி என்னையும் வசந்தாமணியையும் ஒரே படகில் உட்கார வைத்தது. சீட்டுக் குலுக்கிய பதினோராவது வார்டு கருப்பண்ணனின் பேரனுக்குக் காதுகுத்துக்குச் சவுண்டு செட் இலவசம் என்பதற்கும் இந்த விதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

படகில் நடந்தது முழுக்க முழுக்க அரசியல் பேச்சுவார்த்தை. வரலாற்றுக்காக அப்படியே எழுதுகிறேன்.

“ஏனுங்க மூணாவது வார்டு, மிதிக்கறீங்களா, வேடிக்கை பாக்கறீங்களா? படகு சுத்திச் சுத்தி வருது.”

“மிதிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்.”

“பின்னால மிதிக்கறீங்க.”

அதைச் சரிசெய்தேன். பிறகு பாலத்தைப் பற்றி எடுத்துச் சொன்னேன். அதன் ராணுவ முக்கியத்துவம், விவசாயிகளின் எதிர்காலம், சுற்றுலா.

“என்ற வாசலுக்கு நானே கேக்காத பாலத்த நீங்க எதுக்குங்க கேக்கறீங்க?”

“அரைக்க வர்றவங்க சிரமப்படறாங்களேன்னுதானுங்க.”

“வாரம் மூணு வாட்டி ராகி அரைக்கறவரு ஊர்ல ஒருத்தர்தானே இருக்கறாரு.”

“களி ஒடம்புக்கு நல்லதுங்க.”

“அத்தன களியத் தின்னிருந்தா சாக்கடைல விழுந்தப்ப மெதந்திருக்க மாட்டீங்க.”

சிரித்தார். ஏரி முழுக்க அலை கிளம்பி அந்தக் கரையில் இருந்த ஹோட்டலின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. நான் கொஞ்ச நேரம் மிதிக்க மறந்தேன். பிறகு, “பின்வாசல்ல வந்து நின்னா யாருமே தெரிய மாட்டேங்கறாங்க” என்று சொல்லிவிட்டேன். இது ஏன் வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. பேச்சுவார்த்தையின் திட்டத்தில் அது இல்லை. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மிதித்தார். படகு முதல்முறையாக நேராகப் போனது.

ஜூலை 11, சனி, மாலை

இன்று நடந்த ஓட்டெடுப்பைப் போல பூலோகத்தில் நடந்ததில்லை.

நிவேதன் வட்ட வட்டமாகக் காகிதப் புள்ளிகளை எடுத்தான். பிடித்த கோரிக்கையின் அட்டைக்குக் கீழே ஆளுக்கு ஒரு புள்ளி ஒட்ட வேண்டும். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நான்கு நிறம் வைத்திருந்தான். பாவம், ஊருக்குப் புதிது. சிவப்பைத் தொட்டால் ஒரு கட்சி, பச்சையைத் தொட்டால் இன்னொரு கட்சி.

“மஞ்சப் புள்ளி ஒட்டுன போட்டோ வாட்ஸ்அப்ல போச்சுன்னா எங்க ஒன்றியம் என்னைய உரிச்சுப் போடும்” என்றார் கருப்பண்ணன்.

“வெள்ளை?” என்றான் நிவேதன்.

“வெள்ளைன்னா எல்லாத்தையும் விட்டுக் குடுத்துட்டோம்னு அர்த்தம்” என்றார் ராமசாமிக் கவுண்டர்.

ஒரு மணி நேரம் வாதாடினோம். கடைசியில் மைதிலி கைப்பையைத் திறந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்றை எடுத்தாள். அரக்கு நிறம். எந்தக் கட்சிக்கும் அரக்கு நிறம் இல்லை. எண்ணிப் பார்த்தால் சரியாகப் பதினைந்து பொட்டு. பெண் உறுப்பினர்கள் கைதட்டினார்கள். ஆண்கள் பொட்டை விரல் நுனியில் வாங்கிக்கொண்டு, உயிருள்ள பூச்சியைப் பிடித்திருப்பவர்களைப் போல நின்றார்கள்.

ஒவ்வொருவராகத் தனியாக உள்ளே போய் ஒட்டிவிட்டு வரட்டும், அப்போதுதான் முகம் பார்க்காமல் மனச்சாட்சிப்படி ஓட்டு விழும் என்று நான் யோசனை சொன்னேன். உன்னதமான ஜனநாயக யோசனை. கணக்கு என்னிடம் இருந்தது. பாலத்துக்கு ஆறு பேர் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆறு வீட்டு விசேஷத்துக்கும் பந்தல் வாடகை கிடையாது. என்னோடு ஏழு. ஒரு ஓட்டுக் குறைகிறது, தோல்வி நிச்சயம் என்று தெரிந்தும் புலி போல உலாத்தினேன்.

வசந்தாமணி பொட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் நெற்றியில் எப்போதும் ஒரு கீற்றுத் திருநீறு மட்டும்தான். பிறகு உள்ளே போனார், வந்தார்.

செயல் அலுவலர் எண்ணினார். கழிப்பிடம் ஏழு. பாலம் எட்டு.

நான் ஜெயித்துவிட்டேன். கூடத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினேன், கருப்பண்ணனைத் தூக்கினேன், இறக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துக்கொண்டு எழுதுகிறேன். அந்த எட்டாவது பொட்டு யாருடையது? கவுண்டரா? அவர் பாலம் என்றாலே எரிந்து விழுகிறவர். மைதிலியா? கேட்டேன், “போங்க மாமா, நான் கக்கூஸுக்குத்தான்” என்றாள். பதினைந்து முகத்தையும் மனதில் நிறுத்தி யோசித்தும் பிடிபடவில்லை.

வசந்தாமணி சாப்பிட வரவில்லை. தலைவலியாம்.

ஜூலை 12, ஞாயிறு

காலையில் தீர்மானத்தில் சேர்க்கப் படம் எடுக்கப் போன செயல் அலுவலர், யானையைக் கண்டவர் போல ஓடிவந்தார். பாலத்துக்குக் கீழே ஏழு பொட்டுத்தான் இருந்தது. எட்டாவது இருந்த இடத்தில் வட்டமாகப் பசைத் தடம் மட்டும்.

பனிக்குப் பசை விட்டிருக்கும் என்றான் நிவேதன். பேரூராட்சி மன்றமே முழங்காலிட்டுத் தரைவிரிப்பைத் தடவியது. கருப்பண்ணன் எல்லாருடைய செருப்பையும் கவிழ்த்துப் பார்த்தார். என் ஆட்கள் ஆறு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகித்தார்கள். கவுண்டர் மட்டும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “ஓட்டப் பொட்டா வெச்சா இப்படித்தான் ஆகும்” என்றார். நான் நாற்காலிக்கு அடியில் இருந்தேன். இடுப்பு எழ விடவில்லை. அதனால் வசந்தாமணி உள்ளே வந்தபோது முதலில் நான் பார்த்தது அவர் கால்களை. பிறகுதான் மெல்லத் தலையை மட்டும் நிமிர்த்தினேன்.

திருநீற்றுக் கீற்றுக்குக் கீழே, நெற்றி நடுவில், அரக்கு நிறத்தில் ஒரு பொட்டு.

மைதிலிதான் முதலில் வாயைத் திறந்தாள். “அக்கா, அது வந்து...”

“ஓட்டுத்தான் கண்ணு. என்னுது. நாந்தான் ஒட்டுனேன், விடிஞ்சதும் நாந்தான் வந்து எடுத்தேன்.”

“மேடம், நீங்க கழிப்பிடத்துக்குத்தானே பேசினீங்க?” என்றான் நிவேதன்.

“பேசுனது கக்கூஸுக்குத்தான் தம்பி. ஒட்டயில கை அந்தப் பக்கம் போயிருச்சு. படகுல ஒருத்தரு சின்னப் பிள்ளையாட்ட மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசுனா மனசு கேக்குதுங்களா? அப்பறம் படுத்தா தூக்கம் வரல. ஊர்ப் பொம்பளைக பாவம் கெடக்கறாங்க, நான் என்ற வாசலுக்குப் பாலம் கட்டிக்கறேனேன்னு.”

எல்லாரும் நாற்காலிக்கு அடியில் பார்த்தார்கள். அங்கே நான் இருந்தேன்.

“சரிங்கம்மா, அந்தப் பொட்டக் குடுங்க, கழிப்பிடத்துப் பக்கம் மாத்தி ஒட்டிரலாம்” என்று செயல் அலுவலர் கையை நீட்டினார்.

“அது குடுக்கறதுக்கு இல்லீங்க. எடுத்துட்டு எங்க வெக்கறதுன்னு தெரியல, கண்ணாடி முன்னால நின்னேன், வெச்சுப் பாத்தேன். இருக்கட்டும். ஓட்டுக்குக் கை தூக்கறேன், எழுதிக்குங்க.”

கை தூக்கினார்.

“இத்தன வருசம் இல்லாம...” என்று கவுண்டர் இழுத்தார்.

“ஏனுங்க பெரியவரே, நான் வெச்சா ஒட்டாதுங்களா?”

கவுண்டர் ஜன்னல் வழியாக மலையைப் பார்க்க ஆரம்பித்தார். மலை நன்றாகத்தான் இருந்தது.

கழிப்பிடம் எட்டு, பாலம் ஏழு. நான் நாற்காலிக்கு அடியிலிருந்தே கை தூக்கி, என் ஓட்டையும் கழிப்பிடத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னேன். “மாமா, நீங்க தோத்துட்டீங்க, தெரியுதுல்ல?” என்றாள் மைதிலி. தெரிந்தது. இவ்வளவு பிரகாசமாகத் தோற்ற மனிதனைச் சேர்வராயன் மலை இதுவரை கண்டதில்லை. இடுப்பு வலி பறந்துவிட்டது. ஓடிப்போய்ப் பேருந்தின் கூரையில் ஏறி, என் இரண்டு ஹார்ன் ஸ்பீக்கரையும் கட்டி, மைக்கைப் பிடித்து, “மேலச்சிலம்பூர் பேரூராட்சியின் முதல் முன்னுரிமை, பேருந்து நிலையத்தில் பெண்கள் கழிப்பிடம், கதவு, தாழ்ப்பாள், தண்ணீருடன்” என்று ஏழு மலைக்கும் கேட்கும்படி அறிவித்தேன். காப்பித் தோட்டத்துக் குரங்குகள் கைதட்டியதை என் கண்ணால் பார்த்தேன். நிவேதன் சூப்பர் என்றான். இந்தத் தடவை அது சரியான இடத்தில் விழுந்தது.

மலை இறங்கும்போது பேருந்தில் வசந்தாமணி என் முன் இருக்கையில் இருந்தார். ஒரு வளைவில் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

“கோவமுங்களா?”

“பாலம் போச்சேன்னு ஊரே அழுமுங்க.”

“ஒரு சாக்கடையத் தாண்டத் தெரியாதவருக்குப் பாலம் எதுக்குங்க?”

அதற்குமேல் இருந்த வளைவுகள் எனக்கு ஞாபகம் இல்லை.

ஜூலை 13, திங்கள்

என் பந்தல் சாமான் கிடங்குக்குப் பின்னால் இரண்டு கம்பங்களைச் சாக்கடை அகலத்துக்குப் போட்டுத் தாண்டிப் பார்த்தேன். விழுந்தேன்.

ஜூலை 14, செவ்வாய்

வேட்டியை மடித்துக் கட்டினால் தாண்ட முடிகிறது. பத்துக்கு ஏழு பழுதில்லை. வேலை முடிந்து திரும்பிய ஆட்கள், “யாருங்க மாமா தொரத்தறாங்க?” என்று கேட்டார்கள். உடற்பயிற்சி என்றேன்.

ராகி அரைக்கப் போகவில்லை.

ஜூலை 15, புதன்

தாண்டினேன்.

கடலைத் தாண்டியவர்களை உலகம் கும்பிடுகிறது. சாக்கடை சின்னது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், நடுவில் பறக்கும்போது ஊர் முழுக்கத் தெரிந்தது. முன்வாசலில் போய் நின்றேன். வசந்தாமணி மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் மிளகாய்த் தூள், நெற்றியில் அரக்குப் பொட்டு. புது அட்டை வாங்கியிருக்கிறார் போல.

“என்ன அரைக்கணும்?”

அப்போதுதான் பார்த்தேன். கையில் டின் இல்லை.

“ஒண்ணும் இல்லீங்க.”

“ஒண்ணும் இல்லாம எதுக்கு வந்தீங்க?”

இதற்கு என்னிடம் ஒரு பெரிய பதில் இருந்தது. அதை ஏற்காட்டிலிருந்து கீழே இறங்கும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன், அதில் சேர சோழ பாண்டியர்கள் எல்லாரும் வருவார்கள். வாயைத் திறந்தேன், மிளகாய் நெடி ஏறி ஒன்பது தும்மல் வந்தது. அவர் எழுந்து போய் மெஷினை நிறுத்தினார். வார நாளில் அந்த மெஷின் நின்று ஊர் பார்த்ததில்லை. சத்தம் அடங்கியதும் தெருவே காது கொடுத்தது.

“வரணும்னு வந்தேனுங்க” என்றேன். அவ்வளவுதான் வந்தது, அதுவும் மைக் இல்லாமல்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

“ஏனுங்க, உங்க செருப்பு ஒண்ணு சாக்கடைல கெடக்குது பாருங்க.”

செருப்பு போகட்டும். ‘ஏனுங்க’வுக்குப் பின்னால் எப்போதும் வரும் ‘மூணாவது வார்டு’ எங்கே போனது என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு ஒற்றைச் செருப்போடு நடந்தேன்.

கிடங்குக்கு வந்ததும் ஆட்களைக் கூப்பிட்டு, ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்கு யாருக்கும் பந்தல் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

“எந்த முகூர்த்தமுங்க மாமா?”

“கேட்டுச் சொல்றேன்” என்றேன்.